ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கு, தங்கச்சி

"நாளையிலிருந்து நான் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை மூலையில் போடும் தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். அதையே வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வெளிநாட்டிலிருந்து இரவு வீடியோ காலில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லும் தம்பிகளுக்காகவும்தான்.

நம் ஊர் லப்பைக்குடிக்காட்டில் வேலை என்றால் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான். வெள்ளாற்றைத் தாண்டினால் திட்டக்குடிக் கடைகள். இந்தப் பக்கம் பெரம்பலூர், எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை. திருச்சி, சென்னை என்றால் துணிக்கடை, ஃபேன்சி ஸ்டோர், சூப்பர் மார்க்கெட். அதற்கும் அப்பால் மலேசியா, சிங்கப்பூர், அரபு நாடுகள். எங்கே போனவரும் வீட்டில் வந்து சொல்வது ஒன்றுதான்: சம்பளம் பத்தவில்லை, தேதிக்கு வரவில்லை, மேலே இருப்பவர் மனுஷியாக மதிக்கவில்லை, நாள் முழுக்க நிற்க வைக்கிறார்கள்.

இதற்கு வீட்டில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "பொறுத்துப் போ." எனக்கு இந்தப் பதிலில் துளியும் உடன்பாடில்லை. பொறுத்துப் போனால் உழைத்த காசு போகிறது. கோபத்தில் கிளம்பி வந்தால் பாக்கிச் சம்பளம், பி.எஃப்., அனுபவச் சான்று எல்லாமே போகிறது. இரண்டிலும் நட்டம் உனக்குத்தான். உனக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள், அதற்கான ஆதாரத்தைக் கையில் சேர்த்துக்கொள். இருப்பதா, விடுவதா என்பதைப் பிறகு முடிவு செய்.

தினமும் எழுது

நோட்டு ஒன்று வாங்கு. போனில் எழுதாதே. போன் தொலையும், உடையும், சில ஆலைகளில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேனாவால் எழுது, தேதி போட்டு எழுது, வரிகளுக்கு நடுவே இடம் விடாதே. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம், பிடித்தம் செய்ததாகச் சொன்ன தொகை. யாராவது தகாத வார்த்தை பேசியிருந்தால் அந்த வார்த்தையை அப்படியே எழுது. "அசிங்கமாகத் திட்டினார்" என்று எழுதி வைத்தால் நாளைக்கு எந்த அதிகாரி முன்னாலும் அது நிற்காது. அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்.

"ஞாயிற்றுக்கிழமை வந்துடு", "நாளைக்கு எட்டு மணிக்கே வா" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்ஆப் மெசேஜை அழிக்காதே. ஷிப்ட் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்து அண்ணனுக்கோ தோழிக்கோ அனுப்பி வை. சம்பளம் ஏறும் வங்கிப் பாஸ்புக்கை மாதாமாதம் பதிவு செய்.

திருச்சியில் ஒரு துணிக்கடையில் நான் பில்லிங்கில் இருந்தபோது, லேட் என்று சொல்லி மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்தார்கள். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். கேட்டால் "ரெஜிஸ்டர்ல இருக்கும்மா" என்பார் கணக்கர். ஒரு மாதம் என் நோட்டைக் கொண்டுபோய் அந்த ரெஜிஸ்டர் பக்கத்தில் வைத்தேன். நான் லீவில் ஊரில் இருந்த நாளுக்கும் லேட் போட்டிருந்தது. அந்த மாதப் பிடித்தம் முழுதும் திரும்ப வந்தது. நோட்டு எழுதத் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களுக்கு ஒரு பைசா வரவில்லை.

இந்த லேட் பிடித்தத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். பத்து நிமிஷம் வேலை செய்யவில்லை என்றால் பத்து நிமிஷத்துக்கான கூலியைத்தான் குறைக்கலாம். அபராதம் என்று போட்டால் எந்தத் தவறுக்கு அபராதம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், உன் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டாலும் அந்த மாதக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவே கூடாது. இது பழைய சட்டத்திலும் பெரும்பாலும் இருந்ததுதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

உட்காரும் உரிமை நமக்கு இருக்கிறது

கடை வேலைக்குப் போகும் தங்கச்சிகள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அதற்குப் பிறகு கேட்டது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல். அவர்களோடு நின்றவர் தையல் தொழிலாளியான விஜி. அவர்கள் கட்டிய அமைப்பின் பெயர் 'பெண்கூட்டு'. வருஷக்கணக்கில் போராடி, 2018-இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தும்படி செய்தார்கள். நம் பக்கம், தியாகராய நகர் துணிக்கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வாழ்க்கையை வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு'வாக எடுத்தபோது தமிழ்நாடே பார்த்து அழுதது. சட்டம் வர அதற்குப் பின்னும் பதினோரு வருஷம் ஆனது. 2021 செப்டம்பர் 6 அன்று, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் வந்தது. கொண்டு வந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன். நமக்கு எதிர்க்கரையான திட்டக்குடித் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக அப்போது இருந்தவர் அவர். கேரளாவுக்கு அடுத்து இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த மாநிலம் நம்முடையதுதான்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஒவ்வொரு கடையிலும், நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களும் உட்காரத் தகுந்த வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும். இதற்கு முதலாளியின் கருணை தேவையில்லை. வருஷம் சில ஆகியும் பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் முறைக்கிறார்கள். சில இடங்களில் ஸ்டூலே இல்லை. கேமராவில் பார்த்து மைக்கில் கூப்பிடும் கடைகளும் உண்டு. அப்படி நடந்தால் நோட்டில் எழுது. கேட்கும்போது தனியாகக் கேட்காதே, செக்‌ஷனில் உள்ள நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். "உட்கார விடுங்க சார்" என்று கெஞ்ச வேண்டாம். "22-ஏ பிரிவுப்படி செக்‌ஷனுக்கு ஸ்டூல் போட்டுத் தாருங்கள்" என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று வரும், திரும்பத் திரும்ப வரும். தண்ணீரைக் குறைக்காதே. பாத்ரூமுக்கு அனுமதி மறுத்தால் அதையும் தேதியோடு எழுது. காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டு.

நேரத்தைக் கணக்குப் போடு

1947-இலேயே போட்ட கடைச் சட்டம் சொல்கிறது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நாலு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து நீ கடையில் இருக்கும் மொத்த நேரம் 12 மணியைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இந்த வேலை நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூலி இரட்டிப்பு.

காலை ஒன்பதரைக்குப் போய் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருகிறாய், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்று வை. வேலை 11 மணி நேரம், அதில் 3 மணி நேரம் ஓ.டி. மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம். கணக்குக்கு உன் சம்பளத்தைப் பத்தாயிரம் என்று எடுத்துக்கொண்டால், அந்த 78 மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலியாக 7,500 ரூபாய் வர வேண்டும். வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம். "சம்பளம் குறைவுதான், ஆனா சாப்பாடு தங்கல் இருக்கு" என்று மனசைத் தேற்றிக்கொள்ளும்போது இந்தத் தொண்ணூறாயிரத்தையும் நினைத்துப் பார்.

லீவும் அப்படித்தான். ஒரு வருஷம் வேலை செய்தால் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. அது போக உடம்பு முடியாததற்கு 12 நாளும், தற்செயல் விடுப்பு 12 நாளும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாய விடுமுறை. அன்றைக்குக் கடை திறந்து உன்னை வரச் சொன்னால் இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தர வேண்டும். அதற்கு மேல் பண்டிகை நாட்கள் ஐந்து. அந்தப் பட்டியலில் பெருநாள் இருக்கிறதா என்று வருஷத் தொடக்கத்திலேயே கேட்டு வை.

ஆலைக்குப் போகிறவர்களுக்கும் வாரம் 48 மணி நேரம்தான். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்த நாள் மே 1. சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய 1923-லிருந்து சரியாக நூறாவது வருஷம். எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தால் அது சட்டமாகவே இருந்திருக்கும்.

சம்பளம் கேட்பது எப்படி

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் 8-ஆம் தேதி வாட்ஸ்ஆப்பிலேயே கேள். நீளமாக எழுதாதே, அழுகையும் வேண்டாம், கோபமும் வேண்டாம். "சார், சென்ற மாதச் சம்பளம் இன்று 8-ஆம் தேதி வரை வரவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுங்கள்." இவ்வளவு போதும். நேரில் கேட்டால் பதிலும் காற்றோடு போகும். எழுத்தில் கேட்டால் அவர் பதில் சொன்னாலும் ஆதாரம், சொல்லாவிட்டாலும் ஆதாரம்.

சம்பள உயர்வு கேட்க நல்ல நேரம் ஒன்று உண்டு. துணிக்கடை என்றால் ரம்ஜான், ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் கேள். அப்போதுதான் பழகிய கை அவர்களுக்கு வேண்டும். சீசன் முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு கேட்டால் "பார்க்கலாம்மா" என்ற சொல்லோடு முடிந்துவிடும்.

கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசு நிர்ணயித்திருக்கிறது. அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். இந்த வருஷத் தொகை என்ன என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போ. "பத்தவில்லை" என்று சொல்வதைவிட "அரசு நிர்ணயித்ததைவிட இவ்வளவு குறைகிறது" என்று சொல்வது எப்போதும் எடுபடும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பி.எஃப். உண்டு. உன் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் அதே அளவு. 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. வந்துவிடும், சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பதாலேயே கட்டுகிறார்கள் என்று நம்பிவிடாதே. உன் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கு. பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை மெசேஜில் வரும். கல்யாணமான தங்கச்சிகள் இ.எஸ்.ஐ.யை விட்டுவிடாதீர்கள். போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமல் ஏழாம் மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கான்ட்ராக்டர் மூலம் ஆலைக்குப் போகிற தம்பிகள் ஒன்றை நினைவில் வையுங்கள். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால், அதைக் கொடுக்கும் பொறுப்பு ஆலை நிர்வாகத்துக்கு வந்து சேரும். கான்ட்ராக்டர் பெயர், கேட் பாஸ், வேலை செய்த நாட்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.

முதலாளி நம்ம ஆளாக இருந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரையால் பாதிப் பயன்தான். நம்மில் நிறையப் பேர் வேலைக்குப் போவது மாமா கடைக்கு, மச்சான் ஸ்டோருக்கு, அத்தாவின் கூட்டாளி வைத்திருக்கும் ஹோட்டலுக்கு. அங்கே சம்பளம் பேசுவதே மரியாதைக் குறைவாகப் படுகிறது. "வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்குறேன்" என்று அழைத்துப் போவார்கள். கடை திறப்பதும் நீதான், பூட்டுவதும் நீதான். லீவு கேட்டால் உன் அம்மாவுக்குப் போன் போகும். சம்பளத்தை மாதாமாதம் தராமல் "கல்யாணத்துக்கு மொத்தமா தர்றேன்" என்பார்கள்.

மொத்தமாகத் தருகிறேன் என்ற பேச்சை ஏற்காதே. கொங்குப் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஏழைப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். கெடு முடியும் முன் உடம்பு கெட்டு வீட்டுக்கு வந்த பெண்களில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவே இல்லை. மாதச் சம்பளம் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏற வேண்டும். சேர்த்து வைப்பதை நீயே செய்துகொள்.

சேரும் நாளிலேயே, இரண்டு குடும்பமும் மதிக்கிற பெரியவர் ஒருவரை வைத்துச் சம்பளம், நேரம், விடுமுறை மூன்றையும் பேசு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் அப்போதே பேசிவிடு. பேசி முடித்ததும் "மாமா, இன்றைக்குப் பேசியபடி மாதம் இவ்வளவு, வாரம் ஒரு நாள் லீவு, சரிதானே" என்று ஒரு மெசேஜ் அனுப்பு. அவர் "சரி" என்று போட்டால் அதுவே ஒப்பந்தம். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. உழைத்தவன் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லும் நபிமொழியைக் கேட்காத முதலாளி நம் ஊரில் இருக்க முடியாது.

பிறகு தகராறு வந்தால் ஜமாத்தில் பேசலாம், பல நேரம் அங்கேயே தீரும். ஆனால் "பெருநாள் கழியட்டும், கல்யாணம் முடியட்டும்" என்று வருஷங்களை ஓட விடாதே. சம்பளப் பாக்கிக்குச் சட்டப்படி மனு போட மூன்று வருஷம்தான் கெடு.

கத்துகிறவர் வேறு, கை வைக்கிறவர் வேறு

கத்துகிற மேனேஜரைச் சமாளிக்க ஒரு வழி, அவர் கத்தி முடித்ததும் அதே விஷயத்தை அமைதியாக எழுதி அனுப்புவது. "இன்று நீங்கள் சொன்ன ஸ்டாக் குறைவு என் செக்‌ஷனில் இல்லை, சரிபார்த்துச் சொல்லுங்கள்." இரண்டு மூன்று முறை எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால் பலர் சுருதியைக் குறைத்துவிடுவார்கள்.

தொடுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, இரவில் மெசேஜ் அனுப்புவது, "தனியா வந்து பாரு, லீவு தர்றேன்" என்பது எல்லாம் குற்றம். இதில் பொறுமைக்கு இடமே கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181. அம்மா என்ன நினைப்பாள், வேலைக்கே அனுப்ப மாட்டார்களோ என்று பயந்து மறைக்காதே. அம்மாக்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளை வந்து சொன்னால், முதல் கேள்வியாக "நீ என்ன செஞ்சே" என்று கேட்காதீர்கள்.

சபர் (வெளிநாடு) போகிற தம்பிக்கு

ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார். உரிமம் உள்ள ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அது விசாவின் விலை இல்லை, உன் கடனின் தொடக்கம். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதே. ஓட்டுநர் வேலை என்று சொல்லி ஆடு, ஒட்டகம் மேய்க்கப் பாலைவனத்தில் இறக்கிவிடப்பட்டவர்களின் கதை தமிழ்நாட்டு மாவட்டம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடக்கிறது, அங்கேயும் பதிந்து வை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான் பிரீமியம், காப்பீடு 10 லட்சம்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. பாஸ்போர்ட்டைக் கஃபீல் (ஸ்பான்சர்) வாங்கி வைத்துக்கொள்வது சவூதியிலும் கத்தாரிலும் அமீரகத்திலும் சட்டவிரோதம். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்குத் தனித் தொகை. சம்பளப் பாக்கி இருக்கும்போது திடீரென்று ஊருக்கு வர நேர்ந்தால், விமானம் ஏறும் முன் அங்கே நம்பிக்கையான ஒருவருக்கோ, தூதரகத்தின் வழியாகவோ அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டு வா. 2020 கொரோனாவில் கிடைத்த விமானத்தில் ஏறி வந்த எத்தனையோ பேர் மாதக்கணக்கான சம்பளத்தையும் பணிக்கொடையையும் இழந்ததற்கு, அங்கே அவர்கள் சார்பில் கேட்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

சேர்ந்து கேட்பது

1918-இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்று நடத்திய அந்தச் சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியத் தொழிற்சங்கங்களின் தொடக்கம். சாப்பாட்டு நேரம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல். சங்கம் பதிய விண்ணப்பிக்க ஏழு பேர் போதும், ஆலையின் அளவைப் பொறுத்து உறுப்பினர் எண்ணிக்கை மாறும். எளிதாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பதிவு அடுத்த ஜனவரியில்தான் கிடைத்தது. ஆனாலும் கிடைத்தது.

விடுவது என்று முடிவு செய்துவிட்டால்

அடுத்த வேலை கையில் வந்த பிறகு விடு. வீட்டில் மூன்று மாதச் செலவுக்காவது சேர்த்து வைத்துவிட்டு விடு. பாதுகாப்பே இல்லாத இடம் என்றால் இந்த விதி கிடையாது, அன்றைக்கே வெளியே வந்துவிடு.

ராஜினாமாவை எழுத்தில் கொடு, தேதி போடு, நகலில் கையெழுத்து வாங்கு. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், பணம் கைக்கு வருவதற்கு முன் கையெழுத்துப் போடாதே. வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி முழுவதையும் தர வேண்டும் என்பது இப்போதைய சட்டம். ஐந்து வருஷம் முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு. பி.எஃப். பணத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடாதே, அதே யு.ஏ.என்.னில் தொடர். பத்து வருஷம் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி வரும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி அசல் சான்றிதழ்களை எந்தக் கடைக்கும் கொடுத்து வைக்காதே. நகல் போதும்.

அவர்களாகவே நிறுத்தினாலும் வழி இருக்கிறது. கடையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ அந்த மாதச் சம்பளமோ தர வேண்டும், நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். அதற்குக் கெடு குறுகியது, உடனே போ.

மனு கொடுக்கப் போகும் இடத்தில் ஒரு குழப்பம் வரும். நம் வீடு பெரம்பலூர் மாவட்டம், ஆனால் ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி கடலூர் மாவட்டம். வேலை செய்த கடை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். திருச்சிக் கடை என்றால் திருச்சி. பெரம்பலூர் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். மனுவை இரண்டு பிரதி எடு, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வா. பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போ. தனியாகப் போகாதே, அத்தாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போ.

மனு எழுதத் தெரியவில்லை, வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, வக்கீல் கட்டணமும் கிடையாது.